கடவையில் நின்ற புதுக் கார்

அக்சிலேற்றரை அமத்தினாள். கார் கேட்கவில்லை.

இன்னும் அமத்தினாள். கால் போய் அடித்தட்டில் முட்டியது. மற்ற நாளென்றால் இந்த மிதிக்குக் கார் பாய்ந்து போயிருக்கும்... இன்றைக்கு வயிறு முட்டத் தின்ற எருமை மாதிரி அசைந்து அசைந்து போகிறது. இயந்திரம் உறுமுவதோடு சரி, அந்த உறுமல் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. முன்தட்டில் மஞ்சள் நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அது என்ன விளக்கென்று சாரங்காவுக்குத் தெரியாது. காரோட்டப் பழக்கிவிட்டவரும் சொல்லித் தரவில்லை. காரை வாங்கிக் கொடுத்த அண்ணன் அஜந்தன் பிரான்சில் இருக்கிறான். அவனைக் கேட்டு இப்போது என்ன ஆகப்போகிறது?

பின் சீற்றில் அப்பா கிடந்தார்.

மத்தியானம் சோற்றுக்கோப்பைக்கு முன்னால் இருந்தவர், நெஞ்சுக்குள்ளே பாரமாய்க் கிடக்கிறது என்றார். பிறகு வியர்த்தது. பள்ளிக்கூடத்தால் வந்து சேலைகூட மாற்றாமல் நின்ற சாரங்கா அம்புலன்சுக்குப் போன் அடித்தாள். அது முழங்காவில் பக்கம் போயிருந்தது, வரச் சுணங்கும் என்றார்கள். வீட்டில் கார் நிற்கையில் எதற்குக் காத்திருப்பது? போன வருசம் அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சு நொந்த பிறகு, அவசரத்துக்கென்றே அண்ணன் வாங்கிவிட்ட கார் இது. சீற்றில் சுற்றிவந்த பொலித்தீனைக் கழற்ற அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. அவ்வளவு புதுசு.

அந்தப் பொலித்தீனில்தான் அப்பாவின் தலை இப்போது சரசரத்துக்கொண்டு கிடந்தது. அம்மா விமலேஸ்வரி அவருடைய நெஞ்சைத் தடவிக்கொண்டே, வேகமாய்ப் போகச் சொல்லி மகளைக் கெஞ்சினாள். போகாத காரை எப்படி வேகமாய் ஓட்டுவது? பிள்ளையாரே... அப்பாவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, வேறொன்றும் கேட்கமாட்டேன்!

"ஏரம்பன்ர கண்," என்று அப்பா முனகினார். "ஏரம்பன்ர கண் பட்டிட்டுது."

சாரங்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உயிர் போகிற நேரத்திலும் இந்த மனுசனுக்குப் பக்கத்து வயல் ஏரம்புவின் பகைதான்!

அக்கராயன் வீதி முடிகிற இடத்தில் தடுப்புமரம் இல்லாத புகையிரதக் கடவை. அதைத் தாண்டினால் ஏ9 பெருவீதி, பிறகு ஆஸ்பத்திரி. ஆனால் தண்டவாளம் மேட்டில் கிடந்தது. மேடென்றால் பெரிய மேடில்லை, சைக்கிளில் போகிறவர்கள் நாலு உழக்கில் ஏறிவிடுவார்கள். கார் பாதி ஏறியது... நின்றது... பின்னுக்கு உருளத் தொடங்கியது.

பின்னால் ஹோர்ன் அலறியது. பிறேக்கை மிதித்துவிட்டுத் திரும்பினால், கண்ணாடி முழுக்க ஓர் உழவு இயந்திரத்தின் சிவப்பு மூஞ்சி. அதிலிருந்து ஒருவன் குதித்து வந்தான். முழங்கால்வரை சேறு, தலையில் மழைக்குக் கட்டிய துவாய். வந்த வேகத்தில் கண்ணாடியைத் தட்டினான்.

"பின்னுக்கு ஆள் நிக்கிறது தெரியேல்லையோ? இன்னும் ரெண்டு முழம் வந்திருந்தா உங்கட புதுக் காரை நான் சுரண்டித்தான் எடுத்திருக்கோணும்."

அப்பாவுக்கு நெஞ்சு நோ, கார் ஏறுதில்லை, தள்ளிவிடுங்கோ, இல்லாவிட்டால் விலகி நில்லுங்கோ என்று அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். முகத்தில் இருந்த கோபம் அப்படியே வடிந்துபோனது. ஆனால் அதற்கு மேல் நின்று பார்க்க அவளுக்கு எங்கே நேரம்? ஓட்டம் எடுத்து ஏறினால் ஏறிவிடும் என்ற நப்பாசையில் இருந்த இரண்டு முழ இடத்துக்குள் காரைப் பின்னுக்கு எடுத்து, அக்சிலேற்றரை மிதித்தாள்.

அவன் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றான்.

இரண்டு உள்ளங்கையையும் பொனற்றில் ஊன்றிக்கொண்டு நின்றான். கார்தான் நகர மாட்டாமல் நகர்கிறதே, அவன் கையே அதை நிறுத்தப் போதுமாய் இருந்தது. சாரங்கா கத்தினாள். மழை வழிகிற கண்ணாடிக்கு அப்பால் அவன் மாட்டேனென்று தலையாட்டினான். என்ன திமிர்! ஆனால் அந்தக் கண்கள்... அவற்றில் திமிர் இருக்கவில்லை. பயம் இருந்தது. தனக்கான பயமும் இல்லை அது. இமைகளில் மழை ஒழுக, சிமிட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, அம்மாவின் அழுகையையும் இயந்திரத்தின் உறுமலையும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு வெளியில் வருவது எதுவும் தெரிந்திருக்கவில்லை. யாழ்ப்பாணம் போகிற ரயில், கூவிக்கொண்டு வந்து, அவனுடைய முதுகுக்குப் பின்னால் தடதடவென்று ஓடியது. ஒவ்வொரு பெட்டிக்கும் கார் அதிர்ந்தது.

ரயில் போனபிறகும் அவளால் ஸ்டியரிங்கை விட முடியவில்லை. பாதி ஏறி, அந்தத் தண்டவாளத்தில் நின்றிருந்தால்...

அவன் யன்னலடிக்கு வந்தான். அவளுடைய சேலையையும் தோள்பையையும் பார்த்து ரீச்சரென்று அவனே முடிவுகட்டியிருக்க வேண்டும்.

"ரீச்சர், அழுறதைப் பிறகு அழுவம். முதல்ல ஐயாவை என்ர உழவு மெசின்ர பெட்டிக்கு மாத்துவம். படங்கு கிடக்கு, நனைய விடமாட்டன்."

அவனே பின்கதவைத் திறந்து, அப்பாவின் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்தான். அப்பா கண்ணைத் திறந்தார். வலியில் சுருங்கிக் கிடந்த கண் அவனுடைய முகத்தில் எதையோ தேடியது.

"தம்பி... நீர் ஆற்ற பிள்ளை?"

எமன் வந்து கையைப் பிடித்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். எந்த ஊர், ஆருடைய பிள்ளை... அது தெரியாமல் ஒருவரும் ஒருவரோடும் போகமாட்டார்கள்.

அவன் ஒரு கணம் சாரங்காவைப் பார்த்தான். பொய் சொல்லிவிடேன் என்று அவள் மனம் துடித்தது, ஏனென்று தெரியாமலே. வாயில் வந்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம்.

"ஏரம்பற்ற மோன், ஐயா. கோகுலன்."

அம்மா வாயில் கையை வைத்தாள்.

ஏரம்புவின் வயலும் அப்பாவின் வயலும் ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிப்பவை. முன்பொரு சிறுபோகம் குளம் வற்றிப்போய், ஆளாளுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். அப்பாவின் முறையன்று தண்ணீர் வரவில்லை. வரம்பு உடைந்து ஏரம்புவின் வயலுக்குள் போயிருந்தது. வெட்டியது ஏரம்புதான் என்றார் அப்பா. நண்டு துளைத்ததென்று ஏரம்பு கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் பண்ணினார். அன்றோடு சரி. செத்த வீடோ கலியாண வீடோ, ஒருவர் வந்து இருந்தால் மற்றவர் எழும்பிவிடுவார். ஏரம்புவின் மகன் சின்னதிலேயே வவுனியாவில் மாமன் வீட்டில் வளரப் போனவன். போன மாதம்தான் கமம் செய்ய ஊருக்கு வந்தானென்று கதை. ஆளை அவள் இன்றைக்குத்தான் காண்கிறாள்.

"அவன்ர மெசினில நான் ஏறமாட்டன்," என்றார் அப்பா. கதவின் கைபிடியை எட்டிப் பிடித்துக்கொண்டார். வியர்த்து வழிகிற மனுசனுக்கு அந்தப் பிடியில் மட்டும் எங்கிருந்துதான் அவ்வளவு பலமோ!

அம்மா கும்பிட்டாள். சாரங்கா கெஞ்சினாள், ஏசினாள், கடைசியில் செத்துப்போவீங்கள் அப்பா என்றே சொல்லிவிட்டாள். போறன் என்றார். அவரோடு இழுபறிப்பட்டால் அந்த இழுபறியிலேயே உயிர் போய்விடும் போலிருந்தது. அவளுக்கு அப்பாவை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

கோகுலன் கையை எடுத்துக்கொண்டான். கோபப்படுவான், விட்டுவிட்டுப் போவான் என்றுதான் அவள் நினைத்தாள். போனால் குற்றம் சொல்லவும் முடியாது.

"சரி ஐயா, ஏறவேண்டாம். உங்கட காருக்குள்ளேயே இருங்கோ. நான் கயிறு கட்டி இழுக்கிறன். அதுக்கு உங்கட சம்மதம் தேவையில்லை. ரீச்சர்தானே ஓட்டுறா."

அப்பா கைபிடியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுக்கத் தெம்பும் இருக்கவில்லை.

அவன் மெசினைக் காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சேற்றில் படுத்து, காருக்குக் கீழே கொளுவியைத் தேடிக் கயிற்றைக் கட்டினான். எழும்பி வந்து சுருக்கமாய்ச் சொல்லித் தந்தான். கியரை நியூற்றலில் விடவேணும். இயந்திரத்தை நிறுத்தக்கூடாது, நிறுத்தினால் பிறேக் இறுகிவிடும். அவன் கையை உயர்த்தினால் மெல்லப் பிறேக் பிடிக்கவேணும். கயிறு தொய்யக்கூடாது.

"என்ர கையை மட்டும் பாருங்கோ. வேறொண்டையும் பாக்காதேங்கோ," என்றான்.

அவள் பார்த்தாள்.

கடவையில் கார் ஏறியது, இறங்கியது, ஏ9 வீதியில் திரும்பியது எல்லாம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டேதான். மழை இப்போது கொட்டியது. துடைப்பான் ஒருமுறை துடைக்க அவன் தெரிந்தான், மறுபடி கரைந்தான், மறுபடி தெரிந்தான்... துவாய் அவிழ்ந்து தோளில் கிடந்தது. ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, அடிக்கொருதரம் திரும்பிப் பார்த்தான். முதலில் கயிற்றைப் பார்ப்பான். பிறகு அவளைப் பார்ப்பான். அவள் தலையை ஆட்டினால் திரும்பிக்கொள்வான். அப்பா இன்னும் இருக்கிறார் என்பதற்கு அந்தத் தலையாட்டல்தான் அடையாளமென்று இருவரும் பேசி வைத்திருக்கவில்லை. தானாய் அப்படி ஆகிவிட்டது.

பேருந்துகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு விலத்திப் போயின. புதுக் காரை உழவு மெசின் இழுப்பதைக் கைபேசியில் படம் பிடித்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் கூடவே வந்தது. பிடிக்கட்டும்! மாடுகள் இரண்டு குறுக்கே வந்தபோது அந்தக் கை உயர்ந்தது. அவள் பிறேக்கை மிதித்தாள். பெட்டியின் பின்பக்கம் கண்ணாடிக்குக் கிட்ட வந்து, மயிரிழையில் நின்றது. அவன் திரும்பினான். அந்தப் பார்வையில் "நல்லாய்ப் பிடிச்சீங்கள்" என்று இருந்தது. இந்த நேரத்தில் போய் இதெல்லாம் தெரிகிறதே என்று சாரங்கா தன்னையே திட்டிக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ... இஞ்சருங்கோ," என்றாள் அம்மா பின்னால். அப்பாவிடமிருந்து பதில் வரவில்லை. அவன் அப்போது பார்த்துத் திரும்பினான். இந்தத் தடவை அவளால் தலையாட்ட முடியவில்லை.

அதற்குப் பிறகு அவன் திரும்பவேயில்லை. உழவு இயந்திரம் இருந்த வேகமெல்லாம் எடுத்து ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டி வந்தது, தாதிமார் வந்தார்கள், அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடியது. நின்று, இருந்து, மறுபடி நின்று... கடைசியில் ஒரு டொக்டர் வெளியே வந்து, ஊசி போட்டாயிற்று, நாடி திரும்பிவிட்டது, யாழ்ப்பாணம் அனுப்பப் போகிறோம் என்றார். கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டமென்றும் சொன்னார். மனதை நோகடிக்கிற கதை ஒன்றும் கொஞ்சக் காலத்துக்குக் கதைக்கக்கூடாதென்றும் சொன்னார்.

அவள் வெளியே ஓடிவந்தாள். அவன் படிக்குக் கீழே மழையில் நின்றான், சேற்றுக் காலோடு உள்ளே வரக் கூச்சப்பட்டு. அவள் தலையை ஆட்டினாள். அவன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். மழையைத்தான் துடைத்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நம்பரைத் தாங்கோ," என்றான். "ஐயா எப்பிடியெண்டு கேக்கத்தான். நான் கேட்டதெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ, பிறகு திரும்பவும் நெஞ்சு நோகும்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா யாழ்ப்பாணத்தில் கிடந்த நாளெல்லாம் அவன் கேட்டான். ஐயா கஞ்சி குடித்தாரோ, ஐயா நடந்தாரோ... பிறகு ரீச்சர் சாப்பிட்டாவோ, ரீச்சர் நித்திரை கொண்டாவோ... பிறகு ஐயாவைப் பற்றிய கேள்வி குறைந்து, ரீச்சரைப் பற்றிய கேள்வி கூடியது. கைபேசி சிணுங்கினால் நெஞ்சுக்குள் ஒரு குருவி எழும்பிப் பறந்தது. இருபத்தேழு வயதில், எட்டாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இதென்ன பைத்தியம்?

அப்பா வீட்டுக்கு வந்தார். வந்த அன்றைக்கே அம்மா வாயைத் திறந்தாள். அந்தப் பெடியன் இல்லாவிட்டால் நீங்கள் இல்லை, ஒருக்கால் அவர்கள் வீட்டுக்குப் போய்வருவோம் என்றாள். அப்பா சுவரைப் பார்த்தார்.

"தேப்பன் கண்ணூறு போட்டுக் காரை நிப்பாட்டினவன். மோன் இழுத்துவிட்டவன். கணக்குச் சரி. அந்த வீட்டுக் கதை இனி இஞ்ச எடுக்கக்கூடாது."

சொல்லிவிட்டு நெஞ்சைப் பிடித்தார். சாரங்கா பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அன்றிரவு அவனுடைய மெசேஜ் வந்தது, அவள் பதில் போடவில்லை. அடுத்த நாளும் போடவில்லை. டொக்டர் சொன்னது காதில் நின்றது. எனக்கு ஏரம்புவின் மகனில் விருப்பம் என்று சொல்லி இந்த மனுசன் செத்துப்போனால்? சொல்லாமலே விட்டால்... விட்டால் என்ன, ஒன்றுமில்லை. அவள் மட்டும் தானே! பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள். தலையணையில் முகத்தைப் புதைத்துச் சத்தம் வராமல் அழுதாள்.

பிறகு ஒரு பின்னேரம் கிளிநொச்சிக் கராச்சில் விட்டிருந்த கார் வீடு வந்தது. கொண்டுவந்தவர் கையில் ஒரு பொலித்தீன் பை.

"இயந்திரத்தில ஒரு பிழையுமில்லை," என்றார் சிரித்துக்கொண்டு. "காத்து இழுக்கிற குழாயின்ர வாயை இது போய் அடைச்சுப்போட்டுது. மூச்சு விட ஏலாம கார் என்ன செய்யும்?"

பைக்குள் கரியும் எண்ணெயும் பிடித்த ஒரு சிவப்புத் துணி. அம்மா அதை விரித்தாள். ஓரத்துச் சரிகை இன்னும் மினுங்கியது. இது அம்மனுக்குச் சாத்தின பட்டெல்லோ, சாமி அறையில் வைத்திருந்தேன், காருக்குள் எப்படிப் போனதென்று கேட்டாள். சாரங்கா அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் சாம்பலாய்ப் போயிருந்தது.

கராச்காரர் போனபிறகுதான் வாய் திறந்தார்.

"நான்தான் வைச்சனான். ஏரம்பன் வரம்பில நிண்டு காரையே பார்த்தவன். கண் படக்கூடாதெண்டு, பொனற்றைத் திறந்து உள்ளுக்குச் செருகினனான்." கொஞ்சம் நிறுத்தினார். "அவன் சும்மாதான் பார்த்திருப்பான் என்ன... புதுக் கார். ஆரெண்டாலும் பாப்பினம்."

அன்றிரவு அப்பா சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை தேத்தண்ணியும் ஆறிப்போய்க் கிடந்தது. அம்மா மருந்துக் குளிசையை நீட்டியபோது, அண்டைக்கு வரம்பையும் நண்டுதான் துளைச்சிருக்குமோ என்று அவளிடம் கேட்டாராம். கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திராமல் எழும்பிக் கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டியிருக்கிறார்.

"பிள்ளை, காரை எடு," என்றார்.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. வாய்க்கால் பக்கம் திருப்பச் சொன்னார். ஏரம்பு வீட்டுப் படலைக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாள். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. பின்கதவின் கைபிடியில் கை இருந்தது, கதவு திறக்கவில்லை. கடவையில் பிடித்த அதே பிடி! திரும்பிப் போவம் என்று சொல்லப்போகிறாரென்று சாரங்கா பயந்தாள். சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. தூறல் விழத் தொடங்கியது.

படலை திறந்தது. சாரமும் வெறும் மேலுமாய் ஏரம்பு வந்து நின்றார். காரைப் பார்த்தார், உள்ளே இருப்பவரைப் பார்த்தார், கைபிடியில் இருந்த கையையும் பார்த்தார். இறங்கு என்று அவர் சொல்லவில்லை. சுற்றிவந்து மற்றப் பக்கக் கதவைத் தானே திறந்து, ஏறி, பொலித்தீன் சரசரக்க அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

இருவரும் நேரே முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

"ஏரம்பு," என்றார் அப்பா. "உன்ர கண்ணில ஒரு பிழையுமில்லையடா. பிழை எல்லாம் என்னில."

இனி அங்கே இருக்கக்கூடாது. சாரங்கா இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

கோகுலன் வேலியோரம் நின்றான். எவ்வளவு நேரமாய் நின்றானோ! சேறில்லாமல், தலைவாரி, வெள்ளைச் சேட்டோடு அவனை இப்போதுதான் பார்க்கிறாள். கண் மட்டும் அன்றைக்கு மழைக்குள்ளே பார்த்த அதே கண்.

"ரீச்சர் உயிரோடதான் இருக்கிறா போல," என்றான். "மெசேஜுக்குப் பதிலைக் காணேல்லை. நான் செத்தவீடு, அந்தியேட்டி எல்லாத்துக்கும் ஆயத்தப்படுத்திப்போட்டன்."

அவள் சிரிப்பாளென்று நினைத்தான். அவள் கண் நிறைந்ததும் அவன் முகம் வாடிப்போனது.

"பதில் போட்டா எல்லாத்தையும் எழுதிப்போடுவன் எண்டு பயமாய் இருந்தது."

"எல்லாமெண்டா?"

காருக்குள் இரண்டு தலைகளும் இப்போது ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தன. அப்பா கையை ஆட்டி ஆட்டி ஏதோ கேட்டார். ஏரம்பு பதிலுக்கு விரலை நண்டுபோல் வளைத்துக் காட்டினார். இன்றைக்கு விட்டால் தனக்கு இந்தத் துணிச்சல் பிறகு வராதென்று சாரங்காவுக்குத் தெரிந்தது.

"எனக்கு உங்களில விருப்பம்," என்றாள். "அண்டைக்கு அப்பா ஆரெண்டு கேக்கேக்க, நீங்கள் பொய் சொல்லோணுமெண்டு மனசுக்குள்ள மன்றாடினனான். நீங்கள் சொல்லேல்லை. அந்த நேரமே பிடிச்சுப்போச்சு."

வாய் ஓயாத கோகுலனுக்கு இப்போது ஒரு வார்த்தைகூட வரவில்லை. வாயைத் திறந்தான், மூடினான். தூறல் அவனுடைய வெள்ளைச் சேட்டில் புள்ளி புள்ளியாய் விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. சொல்லேன்... ஏதாவது சொல்லித் தொலையேன்!

கார்க் கண்ணாடி இறங்கியது. அப்பாவின் தலை வெளியே வந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. மகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், அவர்கள் நின்ற நிலையையும் பார்த்தார். அவருக்கு விளங்காமல் இல்லை. சாரங்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவருடைய கை நெஞ்சுக்குப் போகிறதா என்று பார்த்தாள்.

கை கதவில்தான் இருந்தது.

"தம்பி," என்றார் அப்பா, "ஏன் மழைக்க நிண்டு நனையிறியள் ரெண்டு பேரும்? வந்து ஏறும். கொப்பரும் இஞ்சதான் இருக்கிறார்."

கோகுலன் முன்கதவுவரைக்கும் வந்தான். கைபிடியில் கையை வைத்தவன் திறக்காமல் நின்று, கூடவந்த அவள் பக்கம் குனிந்தான்.

"எனக்கும் விருப்பம்தான், சாரங்கா," என்றான் மெல்ல.

பிறகு கதவைத் திறந்து ஏறினான்.